கோயில் கயிறு கட்டிய பெட்ரோல் குழாய்

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். விஷயம் என் மனைவியின் தம்பியைப் பற்றியது. வீட்டில் நிம்மதி இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் நான் சாமி கற்பூரத்தைக் காலால் மிதித்தவன் என்று காலடிப்பேட்டை முழுக்க அவன் பரப்பி வைத்திருக்கிறான். முருகனை நினைக்காமல் ஒரு வாய் காப்பி குடிக்காதவன் நான். இனியும் சும்மா இருந்தால் அடுக்காது.

என் பழைய காரில் பெட்ரோல் பம்பு போய்விட்டது. "மெக்கானிக் இன்னாத்துக்கு மாமா? செல்லுல பாத்தா எல்லாம் கீது" என்று மச்சான் பொறுப்பெடுத்துக்கொண்டான். செல்லைப் பார்த்து ஆபரேஷனே செய்வான் அவன். கரண்டில் ஓடும் புதுப் பம்பு ஒன்றைப் பொருத்தினான். அது பழையதைவிடப் பலமாகப் பெட்ரோலைத் தள்ளும். அதைத் தாங்கவேண்டிய, வெடிப்பு விட்டிருந்த பழைய ரப்பர் குழாயை மட்டும் அப்படியே விட்டுவிட்டான். பல்லில்லாத வாயில் கரும்பைத் திணித்த கதைதான்.

காத்திவாக்கத்தில் சம்பந்தி வீட்டில் மகளுக்கு வளைகாப்பு முடிந்து, அவளைப் பிரசவத்துக்கு அழைத்துவர அந்த வண்டியில்தான் போனோம். அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மச்சான் இஞ்சினை ஓடவிட்டு, பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றி வண்டியைச் சுற்ற ஆரம்பித்தான்.

"அப்பா, கொமட்டுது. இன்னா நாத்தம் இது?" என்றாள் மகள்.

"பெட்ரோல் வண்டில பெட்ரோல் வாசன வராம சாம்பிராணி வாசனையா வரும்?" என்றான் மச்சான். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் பானெட்டைத் தூக்கினேன். பம்பின் வாயில் குழாயை இறுக்கக் கிளிப் இல்லை. கோயிலில் வாங்கிய கறுப்புக் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தான். கயிறு ஊறி, பெட்ரோல் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாடா இது?"

"கிளிப்பு கெடைக்கல மாமா. திஷ்டிக்கும் ஆச்சு, குழாய்க்கும் ஆச்சு. சாமி பாத்துக்கும்."

சாமி பார்த்துக்கொள்ளுமாம்! இவன் சோம்பேறித்தனத்துக்குக் காவல் நிற்கச் சாமி என்ன இவன் வீட்டு வேலையாளா? பக்தி என்று இவன் சொல்லும்போதெல்லாம் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அந்த மடையன், எரியும் பூசணிக்காயோடு பானெட்டுக்குள் எட்டிப் பார்க்க வந்தான். கையைத் தட்டிவிட்டேன். கற்பூரம் பெட்ரோலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து எரிந்தது. வெறுங்காலால் மிதித்து அணைத்தேன். "முருகா" என்றுதான் மிதித்தேன்.

"அய்யய்யோ, கற்பூரத்த மெரிச்சிட்டாரே! புள்ளத்தாச்சி பொண்ணு ஒக்காந்துகினு கீற வண்டியாச்சே!" என்று சம்பந்தியம்மா பதறினார்.

இஞ்சினை நிறுத்தி, மகளை இறக்கி, ஆட்டோவில் அழைத்து வந்தேன். பிறகு ஒரு மெக்கானிக் அந்த வண்டிக்கு ஏற்ற பம்பு, புதுக் குழாய், கிளிப் எல்லாம் போட்டார். பேரன் நல்லபடியாகப் பிறந்தான்.

"எங்க மாமாவுக்குக் கோவம் வந்தா சாமி பூதம் ஒண்ணும் கெடையாது" என்று மச்சான் இன்றும் சொல்லித் திரிகிறான். பெட்ரோல் சொட்டியதை மட்டும் விழுங்கிவிடுவான்.

படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். நான் மிதித்ததை மறைக்க வேண்டாம், அவன் கட்டியதையும் மறைக்க வேண்டாம். கூட்டாமல் குறைக்காமல், நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.