ஒரு வண்டி எரு

கண்டக்டரம்மாவுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. பேருந்தில் சீட்டுக் கிழித்தே பாதி ஆயுசைக் கழித்தவர். படியில் ஒருவர் கால் வைப்பதற்குள் "உள்ள போ, உள்ள போ" என்று விரட்டிப் பழகிய வாய். அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு டிக்கெட் இல்லாமல் ஒரு ஸ்டாப் தாண்டியவர் கிடையாது. அப்பேர்ப்பட்டவர் போயும் போயும் ஒரு வண்டி சாணியிடம் ஏமாந்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அக்கா வீட்டோடு வந்து சேர்ந்துகொண்டார். வீட்டுக்குப் பின்னால் அக்காவுக்குக் கொஞ்சம் நிலம், வெறும் கட்டாந்தரை. அதை விற்றுவிட்டு அம்மாவைத் தன் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அக்கா மகன் ஒற்றைக்காலில் நின்றான். அக்கா அங்கே ஒருமுறை இருந்து பார்த்துவிட்டுத் திரும்பியவர். "அங்க பேச்சுத் துணைக்கு ஆளே இல்லடி. செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல என்னையும் வச்சிருந்தாங்க" என்று சிரிப்பார். சிரித்து முடித்ததும் மூக்கை உறிஞ்சுவார்.

மகன் கெட்டவன் இல்லை. "சித்தி, உங்க பென்ஷன் உங்க மாத்திரைக்கே பத்தாது. ரெண்டு பேரும் என்னத்தச் சாப்பிடுவீங்க? சரி, இந்த மழைக்கு வீட்டுக்குத் தேவையான காய் அங்க விளையட்டும், அம்மா இங்கயே இருக்கட்டும். விளையலைன்னா கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் அழக் கூடாது."

"போடா. காய் மூட்டையைத் தூக்க நீதான் ஆள் பிடிச்சிட்டு வரணும்" என்றார் கண்டக்டரம்மா.

சொன்னதோடு நிற்கவில்லை. சிறுதோட்டம் போடக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் போய்ச் சேர்ந்தார். "கழுதை வயசுல ஸ்கூலுக்குப் போறா பாரு!" என்று அக்கா கேலி செய்தார். வெயில் எங்கே விழுகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எதற்குப் பக்கத்தில் எதை நடுவது, இந்த முறை அவரைச்செடி நின்ற பாத்தியில் அடுத்த முறை எது, எல்லாம் படித்துவந்து கொல்லையில் குச்சியால் கோடு கிழித்து அக்காவுக்கு விளக்குவார். எந்த வண்டி எப்போது எந்தத் தடத்தில் என்று கணக்குப் போட்ட மூளைக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பாத்திகள் தயாராகிவிட்டன. மண்ணில்தான் சத்து இல்லை. சமையலறைக் கழிவை மக்க வைத்தது இரண்டு கூடைகூடத் தேறவில்லை.

பால்பண்ணைக்காரர் பழைய எரு ஒரு வண்டி இனாமாகத் தந்தார். வகுப்பு டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "வெளி எருவை அப்படியே கொட்டிடாதீங்க. முதல்ல ஒரு தொட்டியில போட்டு அவரை விதை ஊனிப் பாருங்க. இலை சுருண்டுச்சுன்னா அந்த எரு வேண்டவே வேண்டாம்."

அக்கா நினைவுபடுத்தினார். "டீச்சரம்மா சொன்னதைச் செய்யலையாடி?"

"மூணு வாரம் ஆகும்க்கா. அதுவரைக்கும் மழை நமக்காக ஸ்டாப்புல நிக்குமா?"

எரு மொத்தமும் மண்ணுக்குள் போனது.

முளைத்தபோது என்ன அழகு! அக்கா விடியற்காலையில் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அவரைப் பாத்தியருகே போய் உட்கார்ந்துவிடுவார். பிறகு இலைகள் கிண்ணம்போல் உள்பக்கம் குவிந்தன. தக்காளிக் கொழுந்து முறுக்கிக்கொண்டது. பூச்சியாக இருக்கும் என்று வேப்பெண்ணெய் தெளித்தார்கள், தண்ணீரைக் குறைத்தார்கள், கூட்டினார்கள். ஒன்றும் எடுபடவில்லை. ஓரத்தில் போட்ட மக்காச்சோளம் மட்டும் கருகருவென்று வளர்ந்தது.

டீச்சர் வந்து குனிந்து பார்த்தார். முதலில் எருவைப் பற்றித்தான் கேட்டார். பால்பண்ணைக்காரருக்கு ஆள் போனது. அவர் பாவம், தலையைச் சொறிந்தார். "புல்லுல களை வரக் கூடாதுன்னு மருந்து அடிச்சேன். மாட்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னாங்க. ஆகலையே!"

"மாடு தின்னு போட்ட சாணியிலயும் அந்த மருந்து இருக்கும்" என்றார் டீச்சர். "சோளம் புல்லுச் சாதி, அதை ஒண்ணும் செய்யாது. மத்ததெல்லாம் போச்சு. மண்ணைக் கிளறிவிட்டுக்கிட்டே இருங்க. அடுத்த வருஷம், இல்லைன்னா அதுக்கடுத்த வருஷம் சரியாகிடும்."

அன்று சாயங்காலம் கண்டக்டரம்மா, எருவைச் சோதிக்காமல் சும்மா விட்ட அந்தக் காலித் தொட்டியை எடுத்துச் சுவரில் அடித்து உடைத்தார். அவர் மேல் அவருக்கே அவ்வளவு வெறுப்பு.

மகன் வந்தான். "சோளம் இருக்குதேடா" என்று கெஞ்சினார் கண்டக்டரம்மா. யாரிடமும் கெஞ்சியறியாத பிறவி.

"அம்மாவுக்குப் பல்லே இல்ல, சித்தி." என்றான் அவன். "பேசினபடிதானே?"

அக்கா முரண்டு பிடிக்கவில்லை. மாற்றுப்புடவைப் பையை மடியில் வைத்துக் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். "நீ நல்லதுக்குத்தான்டி செஞ்சே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சந்து குறுகல், ஒரு பக்கம் சாக்கடை. மகனுக்குப் பின்னால் எடுக்கத் தெரியவில்லை. சக்கரம் விளிம்புக்கே போய்விட்டது. கண்டக்டரம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. காருக்குப் பின்னால் போய் நின்று கையை ஆட்டினார். "வரட்டும்... வரட்டும்... ஒடிச்சு வரட்டும்... ஹோல்டான்!"

கார் தெருவுக்கு வந்து திரும்பி நின்றது. பின்கண்ணாடி வழியாக அக்கா பார்த்தார். கண்டக்டரம்மாவின் கை தன்பாட்டுக்கு எழுந்து வண்டியில் இரண்டு தட்டு தட்டியது.

"ரைட்!" என்றது வாய்.

வண்டி போய்விட்டது.