தையல்காரம்மாவின் ஏணி

வெளியே கிளம்பும் தையல்காரம்மா முதலில் துணிமூட்டையைச் சுவருக்கு இந்தப் பக்கம் போடுவார். பிறகு செருப்பு, ஒவ்வொன்றாக. அதற்கப்புறம் தலை தெரியும், கழுத்தில் தொங்கும் அளவு நாடா தெரியும். சுவர் உச்சியில் குதிரைமேல் உட்காருவதுபோல் உட்கார்ந்து, ஏறி வந்த ஏணியை உருவித் தெருப் பக்கம் சாய்த்து இறங்குவார். ஏணியை மின்கம்பத்தோடு சேர்த்துச் சைக்கிள் சங்கிலி போட்டுப் பூட்டுவார். சாவி, அளவு நாடாவின் நுனியில்.

"வீட்டப் பூட்டலைன்னாலும் பரவாயில்ல மேஸ்திரி, ஏணியப் பூட்டணும். என் வாசக்கதவு இதுதான்" என்பார். வயது ஐம்பத்தாறு.

மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் திரைச்சீலை தைப்பது அவர் தொழில். ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு தையல் மிஷின். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு தனிக்கட்டை. ஜன்னலைப் பார்த்தாலே நீளம் அகலம் சொல்லிவிடுவார். ஆளைப் பார்த்தாலும்தான். "நீங்க அஞ்சடி நாலு மேஸ்திரி. அஞ்சே முக்கால்னு சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க" என்று என்னிடமே சொன்னவர்.

அந்தச் சுவரைக் கட்டியது நான்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, செங்கல் சுமந்து, கொத்தனாராகி, அறுபத்திரண்டு வீடு எழுப்பியவன். ஒன்றில் விரிசல் காட்டட்டும், கரண்டியைத் தூக்கி எறிந்துவிடுகிறேன். முன்வீட்டு லாரிக்காரர் வந்து, "சந்துக்குப் பின்னால பூட்டிக் கெடக்குற கிடங்குதான் மேஸ்திரி, அடைச்சு விட்டுருங்க" என்றார். நம்பினேன். இரண்டே நாளில் முடித்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பெண்மணி கையில் பையோடு வந்து நின்றார். மகளின் பிரசவத்துக்குப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்புகிறவர். கத்தவில்லை, அழவில்லை. சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளதான் என் வீடு இருக்கு. எப்படிப் போறது?" என்று கேட்டார்.

ஏணியில் ஏறி உள்ளே பார்த்தேன். அந்த வீட்டுக்கு இரண்டு பக்கம் ஆலைச் சுவர், ஒரு பக்கம் ஆழமான சாக்கடைக் கால்வாய். சந்து ஒன்றுதான் வழி. லாரிக்காரரிடம் ஓடினேன். "என் இடம், என் சுவரு. உங்க வேலை முடிஞ்சுதுல்ல, கெளம்புங்க" என்றார்.

என் ஏணியைக் கொடுத்தேன். உச்சிக்கு ஏறியவர் நாடாவைத் தொங்கவிட்டு இரண்டு கோடியிலும் அளந்தார். "ஏழடி. இந்தக் கோடியில மட்டும் கால் அங்குலம் கம்மி" என்றார். மறுநாள் விடிந்ததும் போய் அளந்தேன். கால் அங்குலம் கம்மிதான். ஒரே சுவரில் எனக்கு இரண்டாவது அடி.

மனு எழுதி நில அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி முழுதும் படித்தார். தன்மையாகத்தான் கேட்டார்: "இங்க எப்படிம்மா வந்தீங்க?"

"ஏணி போட்டு ஏறி வந்தேன் சார்."

"வந்துட்டீங்கல்ல?" என்றவர் மனுவின் ஓரத்தில் எழுதி, எங்களுக்கே வாசித்தும் காட்டினார்: 'மனுதாரர் நேரில் ஆஜரானார். ஆகவே அவர் வீட்டுக்கு வழி உள்ளது.' முத்திரையும் விழுந்தது. மணலையும் மண்ணையும் கலந்து விற்பவனிடமெல்லாம் நாற்பது வருஷம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். இப்படியொரு கலப்படத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். தையல்காரம்மா தாளைத் திரைச்சீலை மாதிரி நான்காக மடித்தார். "அப்ப நான் வந்ததுதான் தப்பு" என்றார்.

அன்று உள்ளே இறங்கியவர் வெளியே வரவில்லை. கயிற்றில் கட்டித் துணியும் சாப்பாடும் நான் இறக்குவேன். தைத்த திரைச்சீலை மேலே வரும். கோப்பை முடிக்க மனுதாரர் கையெழுத்து வேண்டும், விசாரணைக்கு வாருங்கள் என்று இரண்டு முறை ஆள் வந்தது. "வழி இல்ல, வர முடியாதுன்னு எழுதிக்கச் சொல்லுங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வரும். "நாலு நாள் போனா தானா ஏறி வரும்" என்று லாரிக்காரர் நக்கலடித்தார்.

பன்னிரண்டாம் நாள் அதிகாரியே கோபமாக வந்தார், லாரிக்காரரையும் கூட்டிக்கொண்டு. தையல்காரம்மா சுவர்மேல் உட்கார்ந்து ஏணியை இந்தப் பக்கம் இறக்கினார். அதிகாரி கோப்பைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏறினார். ஏணி அந்தப் பக்கம் போனது, இருவரும் இறங்கினார்கள். நானும் லாரிக்காரரும் தெருப் பக்கமிருந்த செங்கல் அடுக்கின்மேல் ஏறி எட்டிப் பார்த்தோம்.

அதிகாரி சுற்றிப் பார்த்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். "ஏணி இருக்கேம்மா. அதுவும் ஒரு வழிதானே" என்று எழுத ஆரம்பித்தார்.

"எழுதிட்டீங்களா சார்?"

"எழுதியாச்சு."

"கையெழுத்து?"

"போட்டாச்சும்மா."

தையல்காரம்மா எழுந்து ஏணியை எடுத்தார். அறைக்குள் இழுத்துப் போய்க் கட்டில் காலோடு சங்கிலி போட்டுப் பூட்டினார். மிஷினில் போய் உட்கார்ந்தார். "இப்ப நீங்க எழுதுன வழியில போங்க சார்."

செங்கல் அடுக்கிலிருந்து நான் சரியப் பார்த்தேன். லாரிக்காரர் பிளந்த வாயை மூடவில்லை. அதிகாரி முதலில் சிரித்தார். பிறகு ஆலைச் சுவரைப் பார்த்தார், கால்வாயைப் பார்த்தார், என் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அரைமணி நேரம் மிஷின் சத்தம் மட்டும். அதற்குப் பிறகு ஒரு தாள் சுவருக்கு மேலே நீண்டது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்: 'வழி இல்லை. சுவரை உடனே திறக்க உத்தரவு.'

"சார், இது அநியாயம்" என்றார் லாரிக்காரர்.

"உத்தரவு உத்தரவுதான்யா. மேஸ்திரி, சீக்கிரம்" என்றது உள்ளேயிருந்து அதிகாரியின் குரல்.

நான் கட்டியதை அதுவரை ஒருவரும் உடைத்ததில்லை. உளியை வைத்தேன். லேசில் விடுமா என் கலவை? வியர்த்து ஊற்றிய பிறகுதான் முதல் செங்கல் அந்தப் பக்கம் விழுந்தது. மிஷின் நின்றது. அந்த ஓட்டை வழியாக ஒரு கை நீண்டு வந்தது. அதில் அளவு நாடாவின் நுனி, சாவியோடு.

"வாசலுக்கு மூணரை அடி, மேஸ்திரி. புடிங்க."