சுருளிக்கு வைத்த முட்டை

மழைக்காலத்தில் நனைந்து ஊறிய முட்டை அட்டைக்கு ஒரு வாடை உண்டு. பழைய செய்தித்தாளும் கோழி எச்சமும் ஈரச் சுண்ணாம்பும் ஒன்றாகக் கிடந்து மக்குவது போன்ற வாடை அது. காரைக்குடியில் எங்கள் முட்டைக்கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டில் பிறந்து, அந்த வாடைக்குள்ளேயே தூங்கி எழுந்து வளர்ந்த எனக்கு, இன்றைக்கும் ஏதாவது மளிகைக்கடை மூலையில் அது மூக்கில் ஏறினால் பசியோ பள்ளிக்கூடமோ நினைவுக்கு வருவதில்லை. என் பெரியப்பாதான் நினைவுக்கு வருகிறார். அன்போடு அல்ல.

கடை அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. நாமக்கல்லில் இருந்து லாரியில் வரும் அட்டைகளைக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த "குடோனில்" இறக்குவார்கள். அவற்றைப் பிரித்து அடுக்குவது அம்மாவின் வேலை. நல்லது ஒரு பக்கம், அளவு சிறுத்த "பொடி" ஒரு பக்கம், ஓடு விரிந்த "கீறல்" ஒரு பக்கம் என்று வைத்துவிட்டு, சந்தேகமானவற்றைப் பெரியப்பாவின் மேசைக்கு அனுப்புவாள். பெரியப்பா அதைக் காதருகே வைத்து லேசாக ஆட்டுவார். உள்ளே தளதளவென்று அலம்பினால் "கூமுட்டை" என்று சொல்லி, அழுகியதற்கென்று வைத்திருந்த தகரத்தில் போடுவார். குண்டு பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கக்கூட அவருக்குத் தேவை இருந்ததில்லை. அவர் கை பட்டுப் போன முட்டையில் ஒரு கெட்டது வந்ததாக ஓட்டல்காரர் யாரும் திருப்பிக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை, அந்தப் பெருமை அவருக்கு நிறைய இருந்தது. அதே வார்த்தையைத் தன் தம்பியான அப்பாவைப் பார்த்தும் என்னைப் பார்த்தும் தாராளமாகச் சொல்வார்.

அம்மாவைப் பார்த்து அதைக்கூடச் சொல்ல மாட்டார், ஏனென்றால் அம்மாவோடு அவர் பேசுவதே இல்லை. பெரியம்மாவின் தங்கையை அப்பாவுக்குக் கட்டிவைக்க அவர் எல்லாம் பேசி முடித்திருந்த வேளையில், அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாத அப்பா, பக்கத்து ஊரான கல்லலுக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து, கட்டினால் இவளைத்தான் என்று நின்றுவிட்டாராம். அதற்கு அப்பாவை அவர் மன்னித்துவிட்டார், அம்மாவை மன்னிக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், அம்மா மூன்றடி தூரத்தில் நின்றாலும் என்னைக் கூப்பிட்டு, "உங்க ஆத்தாகிட்டச் சொல்லு" என்று தொடங்குவார். அம்மாவும் அவரைப் "பெரியவுக" என்று மட்டும் குறிப்பிட்டு, என் வழியாகவே பதில் அனுப்புவாள். அந்த வீட்டில் நான் ஒரு சுவரில் இருந்த ஓட்டை மாதிரி இருந்தேன்.

குடோனில் எலி பெருகி அட்டைகளைக் குதறிப்போட்ட ஒரு கோடையில்தான், தன் ஊருக்குப் போன அம்மா ஒயர் கூடையில் துண்டைப் போட்டு மூடி ஒரு பூனைக்குட்டியைப் பேருந்தில் கொண்டுவந்தாள். சாம்பல் உடம்பு, கறுப்பு வரி, வால் நுனி ஒரு சுற்று மடங்கி இருந்ததால் நான் அதற்குச் "சுருளி" என்று பேர் வைத்தேன். பெரியப்பா கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "கல்லல்ல இருந்து ஒண்ணு வந்தது பத்தாதா, இது வேறயா?" என்றார். அப்பா சிரித்துவைத்தார். அவர் சிரித்திருக்கக் கூடாது என்று அப்போதே எனக்குப் பட்டது.

சுருளிக்குச் சாப்பாடு கருவாட்டுத் தலை பிசைந்த சோறு. வாரத்தில் ஓரிரு நாள் எங்களுக்கு அவிக்கும் கீறல் முட்டையில் ஒரு துண்டைப் பிய்த்து ஆறவைத்து, விரலால் நசுக்கி ஓரமாக வைப்பாள் அம்மா. உப்புப் போட மாட்டாள். பச்சை முட்டையை ஊற்ற மாட்டாள். அது எவ்வளவு கத்தினாலும் அதற்கு மேல் ஒரு துணுக்கும் கிடையாது. என் ஆம்லெட்டில் இருந்து நான் ஒரு தடவை கிள்ளிப் போட்டபோது, வெங்காயம் அதுக்கு ஆகாது என்று கையில் தட்டினாள். யார் சொன்னது என்று கேட்டால், எங்கள் வீட்டில் அப்படித்தான் கொடுப்போம் என்பதோடு முடித்துக்கொள்வாள். சுருளியின் முடி எண்ணெய் பூசியது போல மினுமினுத்தது. எலிகள் பக்கத்துக் கடைகளுக்குக் குடிபெயர்ந்தன.

பூனை அம்மாவுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கிறது என்பது பெரியப்பாவுக்குத் தாங்கவில்லை. முட்டை சூடு, பூனைக்கு முடியெல்லாம் கொட்டிப்போகும் என்று வருகிற வாடிக்கையாளர்களிடம் சொன்னார். முடி கொட்டவில்லை. கண் அவிந்துபோகும் என்றார். அதுவும் நடக்கவில்லை. கடைசியில், முட்டை ருசி கண்ட பூனை அட்டை அட்டையாக உடைத்துக் குடிக்கும், கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான் என்று ஆரம்பித்தார். அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஈரத்தில் அட்டைகள் தளர்ந்து, அடுக்கின் பாரம் தாங்காமல் அடியில் இருந்த முட்டைகள் நொறுங்கின. அடுக்கைக் குறைக்கலாம் என்று அம்மா என் வழியாகச் சொல்லி அனுப்பினாள். "உடைக்கிற திருட்டுப் பூனைய மடியில வச்சுக்கிட்டு எனக்கு யோசன சொல்றாளா?" என்று பதில் வந்தது.

ஒரு நாள் காலையில், நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்று, கடை முன்னால் கூட்டம் நின்ற நேரத்தில் சுருளியைத் தூக்கி வரச் சொல்லி அதன் எதிரில் ஒரு முழு முட்டையை வைத்தார். சுருளி அதை முகர்ந்தது. முன்காலால் ஒரு தட்டுத் தட்டியது. முட்டை உருண்டதும் பயந்து பின்னால் தாவி, பிறகு பக்கத்தில் உட்கார்ந்து தன் நெஞ்சை நக்கத் தொடங்கிவிட்டது. புரோட்டாக்கடைக்கு முட்டை வாங்க வந்தவர், "என்ன அண்ணே, ஒங்க திருடனுக்குத் தொழில் தெரியல போலயே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கைகொட்டிச் சிரித்தேன். பெரியப்பா அந்த முட்டையை எடுத்துத் துடைத்து அட்டையில் வைத்தார். அவர் முகத்தை நான் மட்டும்தான் கிட்டத்தில் இருந்து பார்த்தேன், என் சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவர் மாறிப்போனார். தேங்காய்ச் சிரட்டையில் முட்டையை உடைத்து ஊற்றி, "சூ, சூ" என்று அவரே சுருளியைக் கூப்பிட்டுக் கடைக்குப் பக்கவாட்டில் இருந்த சந்தில் வைக்கத் தொடங்கினார். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், அண்ணனுக்கு மனசு இறங்கிவிட்டது என்று சாப்பிடும்போது சொன்னார். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். மறுநாள், பச்சை முட்டை பூனை வயிற்றுக்குச் சேராது, கொடுப்பதானால் அவித்துத் தருகிறேன் என்று என்னிடம் சொல்லி அனுப்பினாள். "நான் குடுத்தா ஆகாதோ? அவ கையால குடுத்தாத்தான் எறங்குமோ?" என்றார் பெரியப்பா. மறுபடியும் சிரட்டை வைத்தார்.

சில நாட்களில் சுருளி படுத்துவிட்டது. மஞ்சளாக நுரை நுரையாகக் கக்கியது. பின்பக்கம் எல்லாம் பேதியாகி, வாலைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டது. அம்மா நேரே சந்துக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். சிரட்டையில் மிச்சம் இருந்தது. அது மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை. பச்சையும் கறுப்பும் கலந்த கூழாக இருந்தது, கிட்டே போக முடியாத நாற்றம். அன்று காலையில் ஊற்றிய முட்டை ஒரே பகலில் அப்படி ஆகாது. அம்மா அந்தச் சிரட்டையைப் பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு கையிலும், கூடையில் சுருளியை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு, மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தாள். நான் குடை பிடித்தேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா இளவயதுக்காரர். ஊசி போட்டு, தோலுக்கு அடியில் மருந்துத் தண்ணீர் ஏற்றினார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டு, அம்மா தான் கொடுக்கும் விதத்தைச் சொன்னதும், அவித்து, உப்பும் மசாலாவும் இல்லாமல் ஒரு துண்டு கொடுப்பதில் தப்பே இல்லை, உடம்புக்கு நல்லதுதான், அதையே முழுச் சாப்பாடாக ஆக்காமல் இருந்தால் போதும் என்றார். பச்சை முட்டை என்றால் நல்ல முட்டையிலேயே கிருமி இருக்கலாம் என்றார். பிறகு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு உடனே மூடி, "இத யாரும்மா வச்சது?" என்று கேட்டார். அம்மா, வீட்டு ஆள்தான் என்றாள்.

திரும்பி வந்த அம்மா பின்வாசல் வழியாக வீட்டுக்குள் போகவில்லை. கூடையோடு கடை முன்வாசலில் ஏறினாள். வாங்க வந்தவர்கள் இருந்தார்கள். அப்பா அட்டை கட்டிக்கொண்டிருந்தார். செய்தித்தாள் பொட்டலத்தைப் பெரியப்பாவின் மேசைமேல் வைத்துவிட்டு, நான் பிறந்ததில் இருந்து முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்து அம்மா பேசினாள். குரல் உயரவே இல்லை.

"காதுல வச்சு ஆட்டியே நல்லது கெட்டது சொல்றவுக நீங்க. ஊரே சொல்லுது. இது மட்டும் ஒங்களுக்குத் தெரியாமப் போச்சா?"

பெரியப்பா அவளைப் பார்க்கவில்லை. அப்பாவிடம் திரும்பி, "தம்பி, ஒம் பொண்டாட்டிய உள்ள போகச் சொல்லு. ஒரு பூனைக்காக நடுக்கடையில வந்து நிக்கிறா" என்றார்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். சணலைக் கையில் பிடித்தபடியே அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவிடம், பூனையை ஊரில் கொண்டுபோய் விட்டுவிடு, இந்தச் சண்டை வேண்டாம் என்று முணுமுணுத்தார். அன்று அப்பாமேல் எனக்கு வந்த வெறுப்பு, பெரியப்பாமேல் இருந்ததைவிடப் பெரியது.

"சரி," என்றாள் அம்மா. "நானும் அங்குட்டே இருந்துக்கிறேன்."

மறுநாள் நாங்கள் கல்லலில் இருந்தோம். அம்மா பிறந்த வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை, அதற்கே ஒரு பெரிய மனசு வேண்டும். சுருளி மெல்ல மெல்ல எழுந்து கஞ்சித் தண்ணீர் நக்கியது. அப்பா ஆள் அனுப்பினார், அம்மா போகவில்லை. மழை விட்டு வெயில் அடித்த ஒரு மத்தியானம், ரயிலடியில் இருந்து ஒரு பையோடு அப்பா நடந்து வந்தார். சாப்பிட்டீகளா என்று மட்டும் கேட்டு அம்மா இலை போட்டாள். பாதிச் சோற்றில் அப்பா கையை நிறுத்தினார்.

"அண்ணன்கிட்ட, தெரிஞ்சுதான் வச்சீகளான்னு கேட்டேன்," என்றார். "இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லல."

அம்மா ரசம் ஊற்றினாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எடுக்கப்படவே இல்லை. கடையில் பங்கு என்று அப்பா எதையும் கேட்கவும் இல்லை, பெரியப்பா கொடுக்கவும் இல்லை. அப்பா சைக்கிள் கேரியரில் அட்டைகளைக் கட்டிக்கொண்டு கல்லலைச் சுற்றியிருந்த ஊர்களில் தெருத்தெருவாக முட்டை விற்றார், பிறகு ஒரு பழைய மொபெட் வாங்கினார். நான் அங்கேயே பள்ளிக்கூடம் சேர்ந்தேன். சுருளி பழையபடி மினுமினுப்பானது, ஓணான் பிடித்தது, குட்டி போட்டது. ஆனால் முட்டையை மட்டும் அது பிறகு தொடவே இல்லை. அம்மா எத்தனையோ முறை பொன்போல அவித்த கருவை நசுக்கி அதன் முன்னால் வைத்துப் பார்த்தாள். முகர்ந்துவிட்டு, முன்காலால் மண்ணைத் தள்ளி மூடுவது போலச் செய்துவிட்டு நகர்ந்துபோகும். ஒரு பங்குனியில் வெளியே போனது திரும்பி வரவில்லை.

இப்படிச் செய்தவர் பின்னாளில் கெட்டு நொந்துபோனார் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. அப்படி எதுவும் நடக்கவில்லை. எலிக்கு மருந்து வைத்துச் சமாளித்தார். இன்னொரு கடை போட்டார். பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். ஊருக்கு நல்லவர் என்ற பெயர் கடைசிவரைக்கும் இருந்தது, அது பொய்ப் பெயரும் அல்ல. கையில் காசில்லாமல் வந்து நின்ற பிள்ளைத்தாச்சிகளுக்கு அவர் முட்டை கொடுத்தனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். எங்களிடம் மட்டும்தான் அவர் அப்படி இருந்தார். அதனால்தான் எனக்கு ஆறவில்லையோ என்னவோ.

இன்றைக்கு அந்தக் கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட செல்போன் கடை இருக்கிறது. குடோனும் இல்லை, நாங்கள் படுத்திருந்த அறைகளும் இல்லை, முட்டை குளிர்சாதன அறையில் இருந்து நேரே வீட்டு வாசலுக்கு வருகிறது. பூனைக்குப் பாக்கெட்டில் தீனி விற்கிறார்கள். அப்பா தவறிப்போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அம்மா கல்லலில்தான் இருக்கிறாள்.

போன புரட்டாசியில் பெரியப்பா இறந்துபோனார். சேதி சொன்னபோது அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தான் வரவில்லை என்றாள். "நீ போயிட்டு வா. வெயிலுக்கு முன்னாடி திரும்பிரு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீரையைத் தொடர்ந்தாள். நான் போனேன். வாசல் நிறையக் கூட்டம். கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் மிகவும் சிறுத்துத் தெரிந்தார். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்னப் பத்தித்தான் கடைசியில கேட்டுக்கிட்டே இருந்தாக என்று அழுதார். அது உண்மையா, வந்தவர்களுக்கெல்லாம் சொல்வதா என்று தெரியவில்லை. மாலையைப் போட்டேன். கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அழுகை வரவில்லை. வரவழைக்கவும் நான் முயலவில்லை.