கிளாக்கருக்குப் பூ விழுந்தது

ஆனி மாதம் ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி இருபது நிமிஷம். சோளகக் காற்று. வானத்தில் மேகம் மூன்று; மழை ஒன்றிலும் இல்லை.

அந்த நேரத்தில் நான் கிணற்றடியில் குந்தியிருந்து மல்லிகை மொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். மலாயா றெயில்வேயில் இருபத்தெட்டு வருஷம் கிளாக்கராக இருந்து மூட்டை எண்ணியவன், பென்சன் எடுத்த பிறகு வேறு எதை எண்ணுவது?

செடி இரண்டுதான். ஆனால் தையிலே கொப்பு வெட்டி, இலை உருவி, தண்ணீர் காட்டாமல் வாட விட்டு, பிறகு சாணமும் சாம்பலும் நொறுக்கிய முட்டைக்கோதும் போட்டு... பிள்ளையை இப்படி வளர்த்திருந்தால் டாக்குத்தராகி இருக்கும்.

இவ்வளவு பாடும் என் மனைவியின் ஒற்றைத் தலையிடிக்காக. இரண்டு மாதமாக நெற்றியில் சீலைத்துண்டைக் கட்டிக்கொண்டு இருட்டறையில் படுத்திருக்கிறாள். காகம் கத்தினாலும் ஆகாது, நான் கதைத்தாலும் ஆகாது. வைத்தியம் பார்க்கும் பரியாரியார் மல்லிகை எண்ணெய் செய்து வைக்கச் சொன்னார். அது சும்மா வேலையா? எள்ளைப் பரப்பி, அதன்மேல் அன்று பறித்த மொட்டு ஒரு சுண்டு நிறையப் போட்டு மூடவேண்டும் — அரிசி அளக்கிற அதே சுண்டுதான். இரவிலே மொட்டு விரியும்; எள்ளு அந்த வாசத்தைக் குடிக்கும். மறுநாள் பழையதை நீக்கிப் புதியது. இப்படி ஏழு பொழுது. அதன் பிறகே எள்ளு செக்குக்குப் போகும்.

“இடையிலை ஒரு நாள் தவறினாலும் எள்ளு ஊத்தை மணக்கும் கிளாக்கர். பிறகு முதலிலையிருந்து துவங்கவேணும்” என்று வேறு பயப்படுத்தி வைத்திருந்தார்.

நாலு பொழுது சரியாக நடந்தது. அந்தச் செவ்வாய் ஐந்தாவது. ஒரு சுண்டுக்கு ஏறக்குறைய இருநூற்றிருபது மொட்டு வேண்டும். செடியில் நான் கண்டது நாற்பத்தொன்று! முகத்தைக் கொப்புக்குள்ளே நுழைத்துப் பார்த்தேன் — நாற்பத்தொன்றேதான். நிலத்தைப் பார்த்தேன், வேரடியில் வெள்ளை வெள்ளையாக அறுபத்துமூன்று. பாழ்பட்ட சோளகம் உதிர்த்துப் போட்டுவிட்டது. பொழுது படுவதற்குள் ஒரு சுண்டு மொட்டுக்கு எங்கே போவேன்?

அப்போதுதான் அயல்வீட்டுச் செல்லையா வேலிப் படலையைக் கடந்து போனான். சந்தியில் உள்ள சுருட்டுக்கொட்டிலில் வேலை. அங்கே ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றுவார்கள். வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியையும் வாசிக்கிறார்களாம். சுருட்டு இறுகுமா, தளருமா, தெரியாது.

“செல்லையா, போற வழியிலை பரியாரியாரிட்டை ஒரு சொல்லுச் சொல்லிவிடும். பூ விழுந்திட்டுது, இனி என்ன செய்யிறது எண்டு நான் கேட்டதாச் சொல்லும்.”

செல்லையா நின்றான். என் முகத்தையே பார்த்தான். “எப்ப விழுந்தது கிளாக்கர்?”

“இண்டைக்குத்தான் கண்டனான்.”

“முழுக்கவோ?”

“நாற்பத்தொண்டு மிச்சம்.”

இந்தக் கணக்கு அவனுக்கு விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கண் கலங்கிவிட்டான். ஒரு மல்லிகைச் செடிக்காக இவ்வளவு இளகிய மனமா என்று நானும் நெகிழ்ந்து போனேன்.

நம் ஊரில் பூ இரண்டு இடத்தில் விழும். ஒன்று நிலத்தில். மற்றது மனிதன் கண்ணில் — விழிமேல் வெள்ளையாய்ப் படர்ந்து பார்வையைக் கெடுக்கும் அந்தப் பூ. எந்தப் பூ என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை. செல்லையா கேட்டானா? அவனும் கேட்கவில்லை.

செய்தி நேரே சுருட்டுக்கொட்டிலுக்குப் போயிருக்கிறது. ஆறு மணிக்கு என் தங்கை தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். பின்னால் ஒரு சனம். பதினாலு பேர்.

“என்ரை அண்ணை! நான் ஆரெண்டு தெரியுதோ? இது எத்தினை விரல்?”

“மூண்டு. நடுவிரலிலை கிடந்த மோதிரத்தைக் காணேல்லை. ஈடு வைச்சிட்டியோ?”

கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “பாவம், தெரியிற மாதிரி நடிக்கிறார்” என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். யார் விட்டார்கள்? ஒருவர் கதிரையில் இருத்தினார். ஒருவர் விசிறினார். ஒருவர், காணி உறுதி ஏதாவது எழுதவேண்டி இருந்தால் கையெழுத்துத் தெரியும் காலத்திலேயே எழுதிவிடுவது நல்லது என்று கனிவோடு சொன்னார்.

இந்தச் சத்தத்தில் இருட்டறைக் கதவு திறந்தது. என் மனைவி! நெற்றியில் கட்டிய சீலையோடு, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து நின்றாள். தங்கை காதிலே ஏதோ ஓதினாள். மனைவி நெற்றிச் சீலையை அவிழ்த்தாள். என்னைக் கடந்து விறுவிறென்று கிணற்றடிக்குப் போனாள். சற்று நேரத்தில் முந்தானையை மடித்துப் பிடித்தபடி வந்து, என் கண்ணாடியைக் கழற்றி மடியில் போட்டுவிட்டு, ஈரச்சீலையில் எதையோ பொதிந்து என் இரண்டு கண்ணிலும் வைத்து இறுக்கிக் கட்டினாள்.

குளிர்ச்சி. கமகமவென்று மல்லிகை.

“இஞ்சேரும், உதென்ன செய்யிறீர்?”

“பரியாரியார் வருமட்டும் கண் குளிரட்டும். ஆட்டாதையுங்கோ.”

“தலையிடி?”

“அது கிடக்கட்டும்.”

இரண்டு மாதம் படுத்திருந்தவள் என் தலைமாட்டில் நின்று பொதி நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷியோடு கணக்குக் கதைக்கிற நேரமா இது? ஆனால் பழக்கம் விடுமா? பொதியைத் தொட்டுப் பார்த்தேன். கனமாக இருந்தது.

“உதிலை எத்தினை மொட்டு?”

“ஒரு சுண்டு வரும்.”

“ஒரு சுண்டோ! எங்காலை?”

“எங்காலை எண்டால்? உங்கடை செடியிலைதான். இன்னும் கிடக்கு.”

விசிறியவர் விசிறலை நிறுத்தினார். அந்த நேரம் பார்த்துப் பரியாரியாரின் வண்டி வந்து நின்றது. மனிதர் பொதியை அவிழ்த்தார். இமையை உயர்த்தினார், விளக்கைக் காட்டினார். கதை முழுவதையும் கேட்டார். கடைசியில் என் மடியிலிருந்த கண்ணாடியை எடுத்துத் தன் கண்ணிலே வைத்துப் பார்த்தார்.

“உதை எப்ப வாங்கினனீர்?”

“பென்சன் எடுத்த வருஷம். பன்னிரண்டு வருஷந்தான். ஒரு கீறல் இல்லை.”

“கண்ணாடிக்குக் கீறல் இல்லை, சரி. கண்ணுக்கு எழுபது வயசு. தூரத்திலை தங்கச்சியின்ரை விரலிலை மோதிரம் இல்லாதது தெரியுது, மூக்குக்கு முன்னாலை மொட்டுத் தெரியேல்லை. கிளாக்கர், பூ கண்ணிலையும் விழேல்லை, நிலத்திலையும் விழேல்லை. உமக்கு வெள்ளெழுத்து முத்திப்போச்சு!”

சனம் சிரித்த சிரிப்பில் கோழிகள் கூட்டிலிருந்து இறங்கிவிட்டன. கண்ணில் கட்டிய மொட்டு எள்ளுக்கு ஆகாது என்று பரியாரியார் சொல்லிவிட்டதால், மனைவியும் தங்கையும் மறுபடி போய் இன்னுமொரு சுண்டு பறித்தார்கள். ஐந்தாம் பொழுது தவறவில்லை. ஆறும் ஏழும் அவளே பறித்தாள். என்னைக் கிணற்றடிக்கு விடவில்லை.

பட்டணத்துக்குப் போய்ப் புதுக்கண்ணாடி போட்டு வந்த அன்று முதல் வேலையாக வேரடியைப் போய்ப் பார்த்தேன். உதிர்ந்த அறுபத்துமூன்றும் அங்கேயே கிடந்தன. வாடவே இல்லை. எப்படி வாடும்? அத்தனையும் நான் போட்ட முட்டைக்கோது!

இன்னொன்று. இந்தப் பத்திரிகையின் அச்சு வர வர மங்குகிறது, மையை மிச்சம் பிடிக்கிறீர்கள் என்று ஆசிரியருக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தேன். மூன்றையும் கிழித்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அச்சு நன்றாகத்தான் இருக்கிறது.

எண்ணெய் வந்துவிட்டது. தலையிடி அரைவாசி குறைந்துவிட்டது என்கிறாள் மனைவி. மற்ற அரைவாசி நான்தானாம்.

பரியாரியாரின் வண்டிக்கூலி ஐம்பது சதம். துக்கம் விசாரிக்க வந்த பதினாலு பேருக்குத் தேத்தண்ணீரும் பனங்கட்டியும் அறுபத்துமூன்று சதம். பட்டணத்துக்கு பஸ் நாற்பது சதம். கண்ணாடி பன்னிரண்டு ரூபாய். செக்குக்கூலி இருபத்தைந்து சதம். பூவுக்கு ஒரு சதமும் ஆகவில்லை. அது செடியிலே இருக்கிறது என்று கண்டுகொள்ளத்தான் — பதின்மூன்று ரூபாய் எழுபத்தெட்டுச் சதம்.