கிழிந்த தோசையும் ஆர்.கே.புரத்துப் பசுவும்

கல்லில் ஒட்டிக் கிழிந்து வரும் முதல் தோசையைப் பசுவுக்குப் போடலாமா, கூடாதா? தில்லிக்கு வந்து நான்கு வருடமாகியும் எனக்கு விடை தெரியவில்லை. ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் எல்லா வீட்டிலும் முதல் ரொட்டி பசுவுக்குத்தான். காலை எட்டு மணிக்கு, என் கணவர் ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடும் நேரத்தில், ஒரு வெள்ளைப் பசு டூட்டிக்கு வருவதுபோல வாசல் வாசலாக வந்து நிற்கும். நாங்கள் ரொட்டி சுடுவது இரவில். வந்து நிற்கும் ஜீவனை வெறுமே அனுப்ப மனமில்லாமல், முதலில் வார்த்த தோசையைக் கொடுக்க ஆரம்பித்தேன். முதல் தோசை எந்த லட்சணத்தில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் முதல் கவளம் காக்கைக்கு. சோறு கிழியாது என்பதால் சங்கடமே இல்லை. அங்கே முதல் தோசை யாருக்குப் போயிற்று? அப்பாவுக்கு வந்ததில்லை, எனக்கும் வந்ததில்லை. அம்மா அடுப்படியில் நின்றபடியே தின்றிருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு தில்லிப் பசு தேவைப்பட்டது.

அந்தப் பசு என்னைப் பற்றி என்ன நினைக்கும் என்று தோசை வார்க்கும்போது யோசிப்பேன். அதற்கு வீட்டு எண் படிக்கத் தெரியாது, மூக்குதான் விலாசம். நெய் வாசனை அடித்தால் எதிர்வீட்டுக் குட்டுவின் மம்மி. புளித்த வாசனை அடித்தால் நான். 'பாவம், இந்த மதராஸிப் பெண்ணுக்கு இன்னும் ரொட்டி தட்ட வரவில்லை. மாவை நீர்க்கக் கரைத்துவிடுகிறாள். போகப் போகக் கற்றுக்கொள்வாள்' என்று பொறுமையாக மெல்லும்.

என் மகள் மீனாவுக்கு மூன்று வயது. தட்டைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்வாள். எடை போதாது என்று டிஸ்பென்சரி டாக்டர் சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. கிழிந்த தோசையில் ஒரு நன்மை, அது ஏழெட்டுத் துண்டாக இருக்கும். பசுவுக்கு ஒரு துண்டு, மீனாவுக்கு நல்ல தோசையில் ஒரு வாய். பசு மெல்லும்வரை அவளும் மெல்லுவாள்.

ஒருநாள் குட்டுவின் மம்மி அந்தத் துண்டுகளைப் பார்த்துவிட்டார்.

"ஹாய் ராம்! கௌமாதாவுக்கு ஜூட்டாவா?" பசுத்தாய்க்கு எச்சிலா என்கிறார். குழந்தை தின்ற மிச்சம் என்று நினைத்துவிட்டார்.

"நஹீ பெஹன்ஜி, பஹலா வாலா ஐஸா ஹீ ஆதா ஹை." முதலாவது இப்படித்தான் வரும் என்றேன்.

"ரோஸ்?" தினமுமா என்று கேட்டுச் சிரித்தார்.

"ரோஸ்." எனக்கே நம்பும்படியாக இல்லை.

"இஸீலியே தோ பச்சீ கம்ஸோர் ஹை." அதனால்தான் குழந்தை நோஞ்சானாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

கணவரிடம் சொன்னேன். "ஏளா, மாடு ஒங்கிட்ட வந்து புகார் சொல்லிச்சா? வயித்துக்குள்ள போனா எல்லாம் கிழிஞ்ச தோசைதான்" என்றார். எனக்கு மனம் ஆறவில்லை. மறுநாள் வட்டமாக, முறுகலாக, நெய் விட்ட தோசையைக் கொடுத்தேன். பசு ஒரே வாயில் விழுங்கிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தது. மீனாவும் ஒரே வாயோடு நிறுத்திக்கொண்டாள். ஒரு வாரம் இதே கதை. நல்ல தோசையைப் பிய்த்துப் போடலாம் என்றால், எதிர்வீட்டிலிருந்து பார்க்க அதுவும் மிச்சம் மாதிரிதானே இருக்கும்?

எட்டாம் நாள் மீனாவைக் காணோம். தேடினால் பின்வாசலில் நிற்கிறாள். எனக்கென்று எடுத்து வைத்திருந்த கிழிந்த தோசை அவள் கையில். பின்சந்து வழியாகத் திரும்பிய பசு கதவருகே. "ஏக் தேரா, ஏக் மேரா!" உனக்கொன்று, எனக்கொன்று. அவள் கடித்த மிச்சமெல்லாம் பசுவுக்குப் போனது. இப்போது நிஜமாகவே ஜூட்டா! தடுத்திருக்க வேண்டும். ஆனால் பாதித் தோசை என் மகளின் வயிற்றுக்குள் போயிருந்தது. கொடியில் காய்ந்த புடவையை இழுத்துவிட்டு இருவரையும் மறைத்தேன்.

அதுமுதல் முன்வாசலில் வட்டத் தோசை, பின்வாசலில் கிழிந்த தோசை. போன வாரம் டாக்டர் தராசைப் பார்த்து, மீனாவின் எடை ஏறியிருக்கிறது என்று தலையாட்டினார். குட்டுவின் மம்மி, "தேகா? மைனே கஹா தா நா!" நான்தான் சொன்னேனே என்று வரிசை முழுக்கச் சொல்லிவிட்டார். நான் "ஹாஞ்ஜி" என்று ஆமோதித்தேன். முன்வாசலில் அவர் மெச்சும் பெண்ணாகவும் பின்வாசலில் புடவைக்குப் பின்னால் ஒளியும் பெண்ணாகவும் நிற்கிறேன். இரண்டு வாசலுக்கும் வருவது ஒரே பசு.

இப்போது சிக்கல் என்னவென்றால், குட்டுவும் சாப்பிடுவதில்லையாம். பசுவுக்கு வட்டத் தோசை போட்டால் அவனும் தேறுவான் என்று, தீபாவளி கழிந்ததும் அவன் மம்மி என்னிடம் தோசை வார்க்கக் கற்க வருகிறார். உண்மையைச் சொல்லாவிட்டால் அவர் பசுவுக்கு எத்தனை தோசை போட்டாலும் குட்டு சாப்பிடப்போவதில்லை. சொன்னால் என் முகத்தில் விழிப்பாரா? அவரைப் பின்வாசலுக்கு அழைத்துப் போகலாமா, வேண்டாமா? பிள்ளை வளர்த்த வாசகிகள் யாராவது, தீபாவளிக்கு முன் எழுதுங்களேன்.