பளபளப்பு செய்த துரோகம்

விடுதியில் அறைகளைத் துப்புரவு செய்யும் அந்தப் பெண்ணுக்கு, அவள் குடியிருந்த மாடியில் எல்லோரும் வைத்த பெயர் பளபளக்கா. ஊரார் படுக்கைகளைப் பகலெல்லாம் விரித்துவிட்டு வந்தாலும், வீட்டில் ஒரு துண்டு கோணலாகத் தொங்கினால் அவள் கண் கலங்கிவிடும். அப்படியொரு மென்மையான மனசு!

வீடு என்பது ஒற்றை அறை. அதில் அவள், பேருந்து ஓட்டும் கணவன், மாமனார், இரட்டைப் பெண் பிள்ளைகள், கல்யாண வாத்தியக் குழுவில் ஊதும் கொழுந்தன், அவனுடைய ராட்சதப் பித்தளைக் குழல். குழலைப் படுக்க வைத்தால் கொழுந்தன் நிற்க வேண்டும்.

நகராட்சி குறைந்த வாடகைக்குத் தரும் வீட்டுக்கு அவள் மனு போட்டிருந்தாள். சம்பளம் வரம்புக்குள் இருந்தது. நகரத்தில் குடியிருந்த காலமும் போதுமானது. இனி ஆய்வாளர் நேரில் வந்து, இருக்கும் வீடு நெருக்கடியானது என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரிக்காக அவள் வருடக்கணக்கில் ஏங்கினாள்.

ஆனால் அவர் வரும் நாள் காலையில் அவளுக்குள் இருந்த துப்புரவுக்காரி விழித்துக்கொண்டாள்.

"பெரிய மனுஷர் வர்றாரு. வீட்டை இந்தக் கோலத்துலயா காட்டுறது?"

"இந்தக் கோலத்தைப் பார்க்கத்தான்டி அவர் வர்றதே!" என்றான் கணவன். யார் கேட்டார்கள்? அவன் வேலைக்குக் கிளம்பியதும் மெத்தைகள், மூட்டைகள், குழல், கொழுந்தன், பிள்ளைகள், கடைசியாக நாற்காலியோடு மாமனார் என எல்லாம் எதிர் அறைக்குப் போயின. அங்கே குடியிருந்தவர் ஒண்டிக்கட்டையான தையல்காரர். வாய் திறக்கத் தெரியாத மனிதர்.

ஆய்வாளர் வந்தார். அறை கண்ணாடிபோல் மின்னியது. நடுவில் ஒரு மேஜை, அதன்மேல் ஒரு பூ ஜாடி.

"அடேயப்பா! என் வீடுகூட இவ்வளவு விசாலமா இல்லம்மா."

பளபளக்கா பூரித்துப்போனாள். அந்தப் பூரிப்பின் விலை தெரியாத பேதை!

"நெருக்கடி இல்லைன்னு எழுதிடுறேன். எதிர்வீட்டுக்காரரும் மனு போட்டிருக்காரே, அதையும் பார்த்துடலாம்."

அவள் முகத்தில் ரத்தம் வற்றியது. "சார், டீ குடிச்சிட்டு..." என்பதற்குள் அவர் எதிர்க் கதவைத் தள்ளிவிட்டார். ஒரு மெத்தை வந்து அவர் மார்பில் சாய்ந்தது. அதன் பின்னால் தையல் மெஷின்மேல் இரண்டு பிள்ளைகள். குழலுக்குள் தலையை நுழைத்தபடி கொழுந்தன். மூட்டைகளின் உச்சியில், கூரையில் தலை இடிக்க, மாமனார்.

"ஐயோ பாவம்!" என்றார் ஆய்வாளர். "ஒரே அறையில இத்தனை பேரா? இவருக்குத்தான் முதல்ல வீடு கொடுக்கணும்!"

மூலையில் நசுங்கி நின்ற தையல்காரரின் உதடு துடித்தது. வீடு அவருக்கும் வேண்டியதுதானே! வாசலில் பளபளக்கா கைகளைப் பிசைந்தாள். உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் வீடு போகும்.

"சார்," என்று விம்மினாள். "அதெல்லாம் என்னுது சார்."

"எதும்மா?"

"எல்லாமே. மேல உட்கார்ந்திருக்கிறவர்கூட."

"இப்பவாவது சொன்னியே, தாயி!" என்றார் மாமனார். "கழுத்து சுளுக்கிப்போச்சு."

ஆய்வாளர் நம்பவில்லை. "அப்படின்னா இருந்தது இருந்தபடி வச்சுக் காட்டுங்க. ராத்திரி எப்படிப் படுப்பீங்களோ அப்படியே படுங்க."

எல்லாம் அவள் அறைக்கே திரும்பின; பட்டப்பகலில் குடும்பமே படுத்தது. கணவனின் இடத்தில் தையல்காரர் கூச்சத்தோடு படுத்தார். குழலையும் ஒரு கசங்கிய போர்வைமேல் படுக்க வைத்ததால் கொழுந்தன் மட்டும் நின்றான். வாசலோரத்தில் அவளும் முடங்கியபோது ஆய்வாளருக்கு நிற்க இடமில்லை. குழலின் வாய்க்குள் ஒரு காலை வைத்தபடி எழுதினார். கால் சிக்கிக்கொண்டது. கொழுந்தன் ஊதிப் பார்த்தான், வரவில்லை. கடைசியில் ஷூவைக் குழலுக்கே விட்டுக் கொடுத்துவிட்டு நொண்டியபடி வெளியேறினார்.

"நெருக்கடிதான்ம்மா. கடுமையான நெருக்கடி!"

படுத்திருந்தவர்கள் படுத்தபடியே கை தட்டினார்கள். அவள் மட்டும் தலையணையில் முகம் புதைத்து அழுதாள்.

"வீடுதான் கிடைக்கப் போகுதே அண்ணி, அப்புறம் ஏன் அழறீங்க?" என்றான் கொழுந்தன்.

"அவர் காலுக்கு அடியில பார்த்தியாடா? அந்தப் போர்வையை நான் மடிக்கவே இல்ல!"