குதிரைக் காசும் தனபாக்கியம் அக்காவும்

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் எஸ்டேட்டுக்குக் கீழே ரிங்லெட் ஊரில் மகள் வீட்டில், காய்ச்சலில் கிடந்த அவளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தனபாக்கியம் அக்காவின் மகள் செல்வி. "அத்தை, அம்மா எழுந்திரிக்கல. உடம்பு சில்லுன்னு இருக்கு" என்றாள். அக்காவின் குதிரைக் காசு என் கைப்பைக்குள் இருந்தது.

அக்காவைத் தெரிந்த உங்களுக்கு அந்தக் காசையும் தெரிந்திருக்கும். தேயிலைக் கொழுந்து பறித்த சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தானா ராத்தா டவுன் நகைக்கடையில் ஒவ்வொன்றாக வாங்கிய தங்கக் காசுகள் ஐந்து. பெட்டியில் போட்டுப் பூட்டுகிற ஆளில்லை அக்கா. வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் மஞ்சள் துணியில் பரப்புவார். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் நாங்கள் நான்கு பேரும் ஆளுக்குப் பிடித்ததை எடுத்துப்போய், அடுத்த வெள்ளிவரை அரிசி வாளியில் வைத்திருப்போம். "தங்கம் நாலு வீடு பாக்கணும். ஒரே வீட்டுல கிடந்தா அதுக்கு மூச்சு முட்டும்" என்பார். எனக்கு மான் போட்ட காசு. ஐந்தாவதை மட்டும் யாருக்கும் தரமாட்டார்.

அது பழைய வெள்ளைக்காரன் பவுன். ஒரு பக்கம் ராணி தலை; மறுபக்கம் குதிரைமேல் ஒருவன். அக்காவுக்கு அவன் முனியாண்டி. திருநீறு பூசி, சின்னத் துணிப்பைக்குள் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் படுப்பார். நான் சும்மா இருப்பேனா? தொப்பி போட்ட முனியாண்டியை எங்கே பார்த்தீர்கள், அது துரைமார் சாமி என்பேன். கோபப்படமாட்டார். "காவக்காரன் எந்தத் தொப்பி போட்டா என்ன லா? நான் போறப்போ இவன் கூட வரணும். இல்லாட்டி அந்தப் பனியில எனக்கு வழி தெரியாது" என்பார். சொல்லும்போது அவர் பார்வை என்னைத் தாண்டி வாசலுக்குப் போகும். நானும் திரும்பிப் பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள்.

செல்வி போன் செய்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை என் புத்தி சும்மா இருக்கவில்லை. அக்கா தேத்தண்ணி கலக்க உள்ளே போன நேரம், குதிரையை எடுத்துக்கொண்டு அதன் பைக்குள் என் மானை வைத்துவிட்டேன். காலையில் திருப்பிக் கொடுத்து எல்லோருமாகச் சிரிக்கலாம் என்று நினைப்பு. விடிந்ததும் மகளுக்குக் காய்ச்சல் என்று மருமகன் கூப்பிட, அப்படியே ரிங்லெட்டுக்கு இறங்கிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்தார். குரல் தணிந்திருந்தது. "காமாச்சி, குதிரை உங்கிட்டதானே? கொண்டாந்துடு. வாசல்ல ஒருத்தன் நிக்கிறான்." செல்வி எங்கே என்று கேட்டேன். கம்போங் ராஜா டவுனுக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம்தான் வருவாள் என்றார். பக்கத்து வீட்டு நாயாக இருக்கும், நாளைக்கு முனியாண்டியைக் காரிலேயே கூட்டி வருகிறேன் என்று சிரித்தேன். அதற்கு அக்கா, "நாய் கதவைத் தட்டுமா?" என்றார். போனில் எனக்கும் கேட்டது, மூன்று தட்டு. அதற்கும் சிரித்துவிட்டுத்தான் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செல்வியின் போன் வந்ததும் நானும் மருமகனும் கிளம்பிப் போனால், பாதையில் மண் சரிந்து கிடந்தது. மருமகனைக் காரோடு விட்டுவிட்டுத் தேயிலைக்குள் நடந்தேன். பகல் பதினொரு மணிக்கு, பத்தடிக்கு அப்பால் வெறும் பனி. குழிக்குள் இறக்குவதற்குள் போய்ச் சேரவேண்டுமே என்ற ஒன்றுதான் மனதில். காசை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன். அரை மணி நேரமாகியும் அதில் சூடு ஏறவில்லை. பக்கத்து நிரையில் செடியை உரசிக்கொண்டு ஏதோ கூடவே வந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. ஓயாமல் பேசுகிற இந்த வாய், யார் என்று கேட்கவில்லை.

அக்காவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். வலது கையை மூன்று முறை மூடினோம், மூன்று முறையும் விரிந்துவிட்டது என்றாள் செல்வி. எதையோ வாங்க நீட்டிய கை மாதிரி இருந்தது. எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "அக்கா, வெளாட்டுக்குத்தான் எடுத்தேன். இந்தாங்க." காசை வைத்து விரல்களை மடக்கினேன். மறுபடி விரியவில்லை. அப்படியே அனுப்பி வைத்தோம். தங்கத்தை மண்ணில் போடுவதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மற்ற நான்கு காசுகளும் வெள்ளிக்கிழமைகளில் இன்னும் வீடு மாறுகின்றன. துணி விரிப்பது இப்போது செல்வி. நான் கேலி பேசுவதை விடவில்லை. விட்டால் அக்காவே சந்தேகப்படுவார். ஆனால் யாராவது தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று கூப்பிட்டால், என்ன ஏது என்று கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.